பிரீபெயிட் கிரெடிட் காட் எடுக்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது?

கேள்வி, யூன் 14, 2025

கம்பஸ் முடித்துவிட்டு ஒப்பந்த அடிப்படையில் ஒரு வேலை செய்கிறேன். கிரெடிட் காட்டுக்கு விண்ணப்பித்தேன். நிரந்தர வேலை இல்லை என்று வங்கியில் திருப்பிவிட்டார்கள். ஒன்லைனில் ஒரு கோர்ஸுக்குக் காசு கட்ட வேண்டும். ஆவணியில் அம்மாவின் கண்ணைக் காட்டச் சென்னைக்கும் போக இருக்கிறோம். காசை முதலே போட்டுவிட்டுப் பாவிக்கிற பிரீபெயிட் கிரெடிட் காட் என்று ஒன்று இருக்கிறதாம். எந்தக் காட் நல்லது? கொக்குவிலில் இருந்து கேட்கிறேன்.

யூன் 14, இரவு 9.40

தங்கச்சி, நான் எந்த வங்கியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. திருநெல்வேலியில் கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் உண்டு. கம்பஸ் பிள்ளைகள் காட்டை நீட்டி, "அண்ணை, இது வேலை செய்யுதில்லை" என்பது அன்றாடம் நடப்பது. அந்தக் காட்டில் பெரும்பாலும் கோளாறு எதுவும் இராது. வேறு ஏதோ வேலைக்கென்று எடுத்த காட்டாக இருக்கும்.

உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு தேவை இருக்கிறது. கோர்ஸுக்குக் கட்டுவது ஒன்று, சென்னைக்குக் கொண்டுபோவது மற்றது. இரண்டுக்கும் ஒரே காட் சரிவரும் என்று நினைத்துக்கொண்டு வங்கிக்குப் போகாதீர்கள்.

பெயரில் கிரெடிட் என்று சேர்த்துச் சொன்னாலும் பிரீபெயிட் காட்டில் கடன் இல்லை. நீங்கள் போட்ட காசைத்தான் நீங்கள் செலவழிக்கிறீர்கள். அதனால் சம்பளப் பத்திரம் கேட்க மாட்டார்கள், பெரும்பாலும் அடையாள அட்டையும் முகவரி உறுதிப்படுத்த ஏதாவது ஒரு பில்லும் போதும். வட்டி இல்லை, பிந்திக் கட்டினால் தண்டம் இல்லை. 2022இல் கிரெடிட் காட் வட்டி 30 வீதத்தைத் தாண்டிப் போனபோது குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பட்ட பாட்டைக் கண்டவன் நான். அந்தத் தொல்லை இதில் இல்லை.

காட்டின் முகப்பில் விசா அல்லது மாஸ்டர்காட் அடையாளம் இருக்கும். ஆனால் காசு வாங்குகிறவருக்குக் காட் இலக்கத்தின் முதல் ஆறு, எட்டு இலக்கங்களிலேயே இது பிரீபெயிட் என்று தெரிந்துவிடும். சில தளங்கள் அதைப் பார்த்தே ஏற்காமல் விடும். வாகனம் வாடகைக்குக் கொடுப்பவர்கள் முகத்தைச் சுளிப்பதும் அதனால்தான்.

வட்டி இல்லையென்றால் வங்கிக்கு எதில் வருமானம்? காட் எடுக்க ஒரு கட்டணம், வருடத்துக்கு ஒன்று, காசு போட ஒன்று, ஏரிஎம்மில் எடுக்க ஒன்று, மிச்சம் பார்க்கக்கூட ஒன்று, தொலைத்தால் ஒன்று. சில காட்டுகளில் பாவிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் கழிப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது டொலரை ரூபாவாக மாற்றும்போது நாணய மாற்று விகிதத்துக்கு மேலே வைக்கிற வீதம். அது தாளின் அடியில் நட்சத்திரக் குறியோடு பொடி எழுத்தில் கிடக்கும்.

யாராவது அந்தத் தாளைக் கொண்டுவந்தால் மெசினில் வைத்து ஏ4இலிருந்து ஏ3க்கு, 141 வீதத்தில் பெருப்பித்து அடித்துக் கொடுப்பேன். ஒரு ஐயா அப்படி வாங்கி, பாவிக்காத மாதத்துக்கும் கட்டணம் என்ற வரியை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு வங்கிப் பக்கம் போகவில்லை. பெருப்பித்த தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

யூன் 15, காலை

இன்னொன்று. சம்பளம் வரும் கணக்குக்கு உங்களிடம் டெபிட் காட் இருக்கும்தானே? விசா அல்லது மாஸ்டர்காட் அடையாளம் இருந்தால் அதிலேயே கோர்ஸுக்குக் கட்டலாம். பல வங்கிகள் ஒன்லைன் கொடுப்பனவையும் வெளிநாட்டுப் பாவனையையும் பூட்டித்தான் காட்டைத் தருகின்றன. செயலியில் திறக்கலாம், அல்லது கிளைக்குப் போய் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். காட் பழுது என்று என்னிடம் கொண்டுவருவதில் பலதுக்கு இந்தப் பூட்டுத்தான் காரணம்.

முழுச் சம்பளமும் கிடக்கிற கணக்கின் காட் இலக்கத்தை எங்கேயோ இருக்கிற தளத்துக்குக் கொடுக்கப் பயம் என்றால், அந்தப் பயம் சரியானது. அதே வங்கியில் இரண்டாவது சேமிப்புக் கணக்கு ஒன்று திறவுங்கள். அதற்கு ஒரு டெபிட் காட் எடுங்கள். குறைந்தபட்ச மிகுதியை மட்டும் அதில் விட்டுவைத்து, கட்ட வேண்டிய நாளில் தேவையான காசை மட்டும் செயலியால் மாற்றிவிட்டுக் கட்டுங்கள். பிரீபெயிட் செய்கிற அதே வேலைதான், ஆனால் காசு உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது, சில்லறை வட்டியாவது வரும், காசு போடக் கட்டணம் இல்லை.

என் கடைக்கு வந்து பிரீபெயிட் பற்றிக் கேட்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதுவே போதும். அப்புறம் ஏன் பிரீபெயிட் என்று ஒன்று இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், பிறகு வருகிறேன். கடை திறக்க நேரமாகிவிட்டது.

யூன் 15, மாலை

"டெபிட் காட் திருட்டுப் போனால் கணக்கே காலி" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாவது கணக்கு என்று காலையில் எழுதியதே அதற்காகத்தான். காலியாகிறதற்கு அதில் என்ன இருக்கும்?

யூன் 17

பிரீபெயிட் காட்டை ஒழுங்காகப் பாவித்துவந்தால் ஒரு வருடத்தில் வங்கியே கூப்பிட்டுக் கிரெடிட் காட் தரும் என்று ஒரு கதை உலாவுகிறது. இல்லை. கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிறவரின் விபரம்தான் கிரிப்புக்கு, அதாவது 1990இல் தனிச் சட்டம் போட்டு அமைத்த கடன் தகவல் பணியகத்துக்குப் போகும். பிரீபெயிட்டில் கடனே இல்லையே, எதை அறிவிப்பது? நீங்கள் எவ்வளவு ஒழுங்காகப் பாவித்தாலும் அந்த அறிக்கையில் ஒரு வரிகூட ஏறாது.

கிரெடிட் காட்தான் வேண்டும், சம்பளப் பத்திரம் இல்லை என்றால் வேறு வழி இருக்கிறது. நிலையான வைப்பு ஒன்றைப் பிணையாக வைத்து, அதன் பெறுமதியில் ஒரு பகுதிக்குக் கிரெடிட் காட் தருவார்கள். வைப்புக்கு வட்டி வந்துகொண்டிருக்கும், காட்டும் கையில் இருக்கும், கட்டுகிற ஒழுங்கு கிரிப்பிலும் ஏறும். எங்கள் ஆட்கள் அவசரத்துக்கு உடனே நகையைத்தான் அடகு வைப்பார்கள். ஒரு கோர்ஸுக்காகத் தாலிக்கொடியை வங்கிப் பெட்டகத்தில் படுக்கவிட்டவர்களையும் தெரியும். வைப்பில் காசு இருந்தால் இது அதைவிட நல்லது. இல்லையென்றால் பேச்சே இல்லை.

யூன் 20

பிரீபெயிட்டில் கட்டணமாக எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள். சுகத்துக்காக டொலரை 300 ரூபா என்று வைப்போம். கட்டணங்களும் சும்மா எடுத்த எண்கள். உங்கள் வங்கியின் தாளைப் பார்த்து மாற்றிப் போடுங்கள்.

50 டொலர் ஒரு தரம் மட்டும் கட்ட வேண்டும். 15,000 ரூபா. மாற்றுக்கு மேலே 3 வீதம், 450. காட் எடுக்க 1,000. காசு போட 100. மொத்தம் 1,550. பத்து வீதத்துக்கும் மேலே போய்விட்டது. ஒரேயொரு தரம் கட்டுவதற்காக எடுக்கிற பிரீபெயிட் காட், கட்டுகிற காசோடு ஒப்பிட்டால் விலை கூடின காட்.

மாதம் 50 டொலர், வருடம் முழுக்க என்றால்? 600 டொலர், 180,000 ரூபா. 3 வீதம் 5,400, காட் 1,000, பன்னிரண்டு தரம் காசு போட 1,200. மொத்தம் 7,600, நாலு வீதத்துக்குக் கொஞ்சம் மேலே. இங்கே காட் எடுக்கிற கட்டணம் ஒரு பொருட்டே இல்லை, அந்த 3 வீதம்தான் தின்கிறது. ஆகவே கொஞ்சமாகப் பாவிக்கிறவர் எடுப்பதற்கான கட்டணத்தைப் பார்க்க வேண்டும், கூடப் பாவிக்கிறவர் மாற்று வீதத்தைப் பார்க்க வேண்டும். காட் எடுக்க இலவசம் என்று பதாகை தொங்கினால் அந்த வீதத்தைக் கட்டாயம் கேளுங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாவிட்டால் உள்ளே கேட்டுவரச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்த்து வாங்குகிறவர்களுக்கு இன்னுமொரு குறிப்பு. கட்டிய நேரத்தில் ஒரு மாற்று விகிதத்தில் காசைப் பிடித்துவைப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வேறு விகிதத்தில் கணக்கு முடியும். சரியாக 15,000 மட்டும் போட்டுவிட்டு 50 டொலர் கட்டப் பார்த்தால் சில வேளை மறுக்கும், சில வேளை ஏற்றுக்கொண்டு பிறகு மிகுதி பூச்சியத்துக்குக் கீழே போகும். எப்போதும் ஒரு ஐந்து, பத்து வீதம் மேலே விட்டுவையுங்கள். மாதச் சந்தா தளங்கள் முதலில் ஒரு டொலரைப் பிடித்துப் பார்க்கும், பிறகு விட்டுவிடும். ஒரு டொலரைக் களவெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் கடைக்குள் வந்து சண்டைக்கு நின்றதும் நடந்தது. அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து இருத்தி விளங்கப்படுத்தினேன். அடுத்த கிழமை காசு திரும்பிவிட்டது, ஆள் திரும்பி வரவில்லை.

யூன் 21

பிட்கொயின் வாங்க எந்தக் காட் நல்லது என்று கேட்ட தம்பிக்கு: எதுவும் இல்லை. மெய்நிகர் நாணயத்துக்கு டெபிட், கிரெடிட் காட்டுகளால் கட்ட முடியாதென்று மத்திய வங்கி 2021இலேயே பணிப்புரை விட்டுவிட்டது. என் கடையிலும் அந்த வேலை எடுப்பதில்லை. ரீலோட் வேண்டுமென்றால் வாருங்கள்.

யூன் 28

மொறட்டுவையில் படிக்கிற மகனின் கைச்செலவுக்குப் பிரீபெயிட் காட் எடுக்கலாமா என்று சாவகச்சேரியில் இருந்து ஒரு அம்மா கேட்கிறார். நாட்டுக்குள் செலவழிக்க இது தேவையே இல்லை, அக்கா. அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தால் வேறு வங்கியிலிருந்தும் செயலியால் உடனே காசு போகும். கடைகளில் வங்கிச் செயலியால் ஸ்கான் செய்து கட்டுகிற லங்காகியூஆர் ஒட்டியிருக்கிறார்கள். போன் வழியாகக் காசு அனுப்புவது ஈஸி காஷ் வந்த 2012இலிருந்து எங்களுக்குப் பழகியதுதான். பிரீமி 2017இல் வந்தது, அதற்குப் பிறகும் எத்தனையோ. பிள்ளை என்ன செலவழிக்கிறார் என்று பார்க்கத்தான் காட் என்றால், அது காட்டால் தீருகிற விஷயமில்லை. காட்டில் உள்ளதை ஏரிஎம்மில் எடுத்துவிட்டால் நீங்கள் என்ன காணப்போகிறீர்கள்?

யூலை 3

வரம்பைப் பற்றி எழுத வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. பிரீபெயிட் காட்டுக்கு மூன்று வரம்பு இருக்கும்: காட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கலாம், ஒரு தரத்தில் எவ்வளவு கட்டலாம்.

இங்கிலாந்துக்கு ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கப் போகிற பிள்ளை ஒருவர் தகப்பனோடு வந்தார். மாணவர் விசாவுக்கு அப்போது, 2025இல், 524 பவுண். அதற்கு மேலே சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். படிப்பு ஒரு வருடம்தான் என்றாலும் முடிந்த பிறகு தருகிற நாலு மாதத்தையும் சேர்த்து விசா கிடைப்பதால் ஒன்றரை வருடத்துக்கு அறவிடுவார்கள், 1,164 பவுண். பவுண் 400 ரூபா என்று பிடித்தாலும் 465,600 ரூபா. அதைத் தவணையாகக் கட்ட முடியாது. ஒரே தரத்தில் கட்ட வேண்டும்.

அவரிடம் பிரீபெயிட் காட் இருந்தது. காசும் முழுதாகப் போட்டிருந்தார்கள். மறுத்தது. மறுபடி அடித்தோம், மறுத்தது. தகப்பன் மெசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். வங்கிக்கு அடித்தால் இசை போட்டுக் காக்கவைத்தார்கள். கடைசியில் எடுத்த பிள்ளை ஒரு தரத்துக்குரிய வரம்பு இதைவிடக் குறைவு என்றார். கூட்டலாமா என்றால், பிரீபெயிட்டுக்குக் கூட்ட ஏலாதாம். காசு போதும், வரம்பு போதாது. காசை எடுக்கவும் வேறு கட்டணம்.

கடைசியில் லண்டனில் இருக்கிற சித்தப்பா கட்டினார். யாழ்ப்பாணத்தில் பாதிப் பிரச்சினை இப்படித்தான் தீருகிறது.

ஆகவே வெளிநாட்டுக்குப் படிக்கப் போக நினைக்கிறவர்கள் காட்டை எடுக்கும்போதே கட்டவேண்டிய ஆகப் பெரிய தொகையைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "இந்தத் தொகையை ஒரே தரத்தில் கட்டலாமா" என்று கேளுங்கள். டெபிட் காட்டிலும் இதே கேள்விதான், ஆனால் அங்கே கடிதம் கொடுத்து ஒரு நாளைக்கு மட்டும் வரம்பைக் கூட்டித் தருகிற வழி பல இடங்களில் உண்டு. ஐயெல்ட்ஸ் போன்ற பரீட்சைக்கு இங்கேயே ரூபாவில் கட்டலாம், அதற்கெல்லாம் டொலர் காட் தேடி அலையாதீர்கள்.

யூலை 5

முந்தநாள் எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. வரம்பு என்பது வங்கி தாளில் எழுதி வைத்ததோடு முடிவதில்லை. 2022இல் சித்திரைப் புத்தாண்டுக்கு முன், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்த நாட்களில் வங்கிகள் காட்டுகளால் வெளிநாட்டுக்குக் கட்டுவதைச் சுருக்கின. கையில் காட்டும் காசும் இருந்தும் ஐந்து டொலர் சந்தா கட்ட முடியாமல் என் மேசைக்கு முன்னால் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் டொலரை முன்கூட்டியே வாங்கிக் காட்டில் போட்டு வைப்பது நல்லதா? பயணத்துக்கென்று வெளிநாட்டு நாணயத்திலேயே காசு வைத்திருக்கிற பிரீபெயிட் காட்டில் அது ஒரு நயம்தான், போட்ட நாளின் விலையிலேயே நிற்கும். ரூபா காட்டில் அந்த நயம் இல்லை, கட்டுகிற நாளின் விலைதான். ஆனால் டொலர் இறங்கினால் நட்டம் உங்களுடையது. மூன்று மாதத்தில் போக வேண்டிய பயணத்துக்குச் செய்யலாம். மூன்று வருடத்துக்கு வைத்திருக்கச் செய்யாதீர்கள்.

யூலை 6, ஞாயிறு, கடை பூட்டு

மழையும் இல்லை, வேலையும் இல்லை. ஆகவே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

காட்டில் போட்ட காசு எங்கே இருக்கிறது என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? காட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வெளியிடுபவர் என்று இன்னொரு பெயர் இருக்கும். 2020 யூன் மாதக் கடைசியில் ஜேர்மனியின் வயர்காட் என்ற கொடுப்பனவு நிறுவனம் வங்குரோத்து ஆனது. அதன் பிரித்தானியக் கிளை வெளியிட்ட பிரீபெயிட் காட்டுகளை யூன் 26ஆம் திகதி அங்குள்ள நிதி நடத்தை அதிகாரசபை முடக்கிவிட்டது. பயோனியர் காட்டும் அதற்குள் மாட்டியது. உலகம் முழுக்க இணையத்தில் வேலை செய்து சம்பாதிக்கிற பெடியன்கள் வைத்திருந்த காட் அது. அந்த மாத முடிவுக்குள் தடையை நீக்கிவிட்டார்கள், பிறகு காட் வேலை செய்தது. ஆனால் அந்த நாலைந்து நாள் கையில் சதம் இல்லாமல் நிற்கிறவருக்கு நாலைந்து நாள் என்பது பெரிய விஷயம்.

அமெரிக்காவில் 2015 ஒக்ரோபரில் ரஷ்காட் என்ற பிரீபெயிட் காட் கணினி மாற்றும்போது குழம்பி, பல்லாயிரம் பேர் தங்கள் சம்பளத்தையே எடுக்க முடியாமல் தவித்தார்கள். 2017இல் அந்தக் காட் நிறுவனத்தையும் மாஸ்டர்காட்டையும் 13 மில்லியன் டொலர் கட்டச் சொன்னது அங்குள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம். 2019 ஏப்ரலில் இருந்து அங்கே பிரீபெயிட் காட் விற்கிறவர் கட்டணங்களைக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சிறு அட்டவணையாக முதலே காட்ட வேண்டும் என்று விதி. அதை இங்கேயும் கொண்டுவந்தால் என் பெருப்பிக்கிற வியாபாரம் படுத்துவிடும். படுக்கட்டும்.

இதைச் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. பிரீபெயிட் காட்டில் செலவழிக்கப் போகிற காசை மட்டும் வையுங்கள். சேமிப்பை அதில் வைக்காதீர்கள்.

யூலை 8

பயோனியரில் வேலைக் காசு வாங்குகிற ஒருவர், பேபாலால் வாங்க முடியாதா என்று கேட்டிருக்கிறார். இதை எழுதுகிற 2025 யூலையில், இலங்கைக் கணக்கில் பேபாலால் கட்டலாம், வாங்க முடியாது. வருடக்கணக்காக எல்லோரும் பாடுகிற பாட்டு. பேபாலில் பிரீபெயிட் காட்டை இணைப்பதும் காட்டுக்குக் காட் வேறுபடும்.

யூலை 19

தங்கச்சி, சென்னைக்குப் போகிற நாள் கிட்டுகிறது. ஓரிபி, அதாவது கட்டுகிறது நீங்கள்தானா என்று பார்க்க வங்கி போனுக்கு அனுப்புகிற ஒருதர இலக்கம்.

ஒன்லைனில் கட்டும்போது அந்த இலக்கம் உங்கள் சிம்முக்குத்தான் வரும். ரோமிங் திறக்காமல் பலாலியில் ஏறினால் மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு ஓரிபி வராது. ஓரிபி இல்லாமல் ஹோட்டலுக்கும் ரயிலுக்கும் போனில் கட்ட முடியாது. இங்கேயே கடைக்குப் போய் ரோமிங்கைத் திறந்து, திறந்துவிட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். டேட்டா ரோமிங்கை மூடி வையுங்கள், இல்லையென்றால் பில் வேறு கதை.

இதோடு ஒட்டி இன்னொன்று. அண்ணனின் காட், அக்காவின் காட், கொமினிக்கேசன்காரரின் காட் என்று மற்றவர் காட்டில் கட்டுகிற வழக்கம் எங்களிடம் அதிகம். ஓரிபி அந்த ஆளின் போனுக்குப் போகும், நீங்கள் கவுண்டரில் நின்றுகொண்டு வவுனியாவுக்கு அடித்து "அண்ணை, ஒரு இலக்கம் வந்ததா" என்று கேட்க வேண்டும். காசு திரும்பி வந்தாலும் அவருக்குத்தான் வரும். என்னையும் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. கல்மனதுக்காரன் என்று பெயர் எடுத்தாயிற்று.

யூலை 27

சென்னை. மாமியாரின் கண்ணுக்காகப் போனபோது நான் கண்டது இது.

ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு விசா காட்டுக்கு மெசின் இருந்தது, வேலை செய்தது. பெரிய மருந்துக்கடையிலும் அப்படியே. நாங்கள் தங்கிய வளசரவாக்கத்தில் காலைத் தேத்தண்ணிக்கும் ஓட்டோவுக்கும் இட்லிக் கடைக்கும் காட்டுக்கு மரியாதை இல்லை. மேசையில் கியூஆர் பலகை நிற்கும், "ஜீபே பண்ணுங்க" என்பார்கள். 2024 பெப்ரவரி 12இலிருந்து இந்தியர்கள் இங்கே வந்து தங்கள் யூபிஐயால், அதாவது அவர்களுடைய போன் கொடுப்பனவு முறையால், எங்கள் லங்காகியூஆரை ஸ்கான் செய்து கட்டலாம். எங்கள் வங்கிச் செயலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் அது நடக்காது. ஆகவே இந்திய ரூபாவைத் தாளாகக் கையில் வைத்திருங்கள், சில்லறையாக. 500 ரூபாத் தாளை நீட்டினால் ஓட்டோக்காரர் பார்க்கிற பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

தங்கும் விடுதியில் பிரீபெயிட் காட்டைக் கொடுத்தால் ஒரு தொந்தரவு இருக்கிறது. வாடகைக்கு மேலே கொஞ்சத் தொகையைப் பிணையாகப் பிடித்துவைப்பார்கள். கிரெடிட் காட்டில் அது வரம்பிலிருந்து பிடிபடும், உங்களுக்கு வலிக்காது. பிரீபெயிட்டிலும் டெபிட்டிலும் உங்கள் சொந்தக் காசு பிடிபடும். விடுதியை விட்டு வந்த பிறகும் சில நாள் விடாது. எங்களுக்குப் பிடித்த தொகை நாங்கள் ஊர் வந்த பிறகுதான் விடுபட்டது. நடுவில் மருந்துக்குக் காட்டைத் தேய்த்தால் காசில்லை என்றது. மாமியார், "மாப்பிள்ளை காசில்லாமலா கூட்டிக்கொண்டு வந்தவர்" என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே விடுதிக்குத் தாள் காசாகக் கட்டுங்கள், அல்லது இங்கேயே ஒன்லைனில் முழுதாகக் கட்டிவிட்டுப் போங்கள். காட்டை ஆஸ்பத்திரிக்கு என்று ஒதுக்கி வையுங்கள். ஏரிஎம்மில் எடுக்கிறதாக இருந்தால் ஒரே தரத்தில் எடுங்கள், ஒவ்வொரு தரத்துக்கும் இங்கேயும் கழிப்பார்கள், அங்கேயும் கழிக்கலாம். பயணத்துக்கு மட்டும் பிரீபெயிட் நல்லதென்று நான் நினைப்பது ஒரு காரணத்துக்காக: பொக்கற் அடித்தால் போவது அந்தக் காட்டில் உள்ளது மட்டும்.

ஓகஸ்ட் 8

நல்லூர்த் திருவிழா. ஊருக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களால் கடை நிறைந்திருக்கிறது. அவர்களுக்கு இரண்டு விஷயம்.

கடை மெசினோ ஏரிஎம்மோ "பவுணில் எடுக்கவா, ரூபாவில் எடுக்கவா" என்று கேட்டால் ரூபாவை அழுத்துங்கள். பவுணை அழுத்தினால் மெசின்காரர் தன் விலைக்கு மாற்றுவார், அது உங்கள் வங்கி மாற்றுவதைவிடப் பெரும்பாலும் மோசம். பவுண் கணக்கு மனதுக்கு விளங்கும் என்பதற்காகப் பலர் அதை அழுத்துகிறார்கள். சென்னைக்குப் போகிறவர்களுக்கும் இதேதான், இந்திய ரூபாவை அழுத்துங்கள்.

மற்றது பரிசுக் காட். கனடா மாமா மருமகளுக்கு 100 டொலர் போட்ட பிரீபெயிட் பரிசுக் காட்டைக் கொண்டுவருகிறார். அழகான உறை, ரிபன். பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருகிறாள். பின்பக்கத்தைப் பார்த்தால் வெளியிட்ட நாட்டுக்குள் மட்டும் செல்லும் என்று இருக்கிறது. எல்லாப் பரிசுக் காட்டும் அப்படியில்லை, ஆனால் பல அப்படித்தான். செல்லும் காட்டிலும் அங்குள்ள தபால் குறியீட்டைக் கேட்டு மறுக்கிற தளங்கள் இருக்கின்றன. மாமாமாரே, பிள்ளைக்குத் தாளாகவே கையில் வையுங்கள். பிள்ளைக்கும் அது பிடிக்கும்.

ஓகஸ்ட் 9

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர் "தாள் காசு தந்தால் தாய் வாங்கி வைத்துவிடுவாரே" என்று எழுதியிருக்கிறார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

செப்ரெம்பர் 2

காட்டை முடித்துக்கொள்வது எப்படி என்று இரண்டு பேர் கேட்டார்கள். காட்டின் முகப்பில் முடியும் மாதம் இருக்கிறது. அதற்கு முன் மிகுதியை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கொடுங்கள், அதற்குக் கட்டணம் உண்டா என்று முதலே கேளுங்கள். சிறு மிகுதி என்றால் போன் பில்லுக்கோ மின்சாரத்துக்கோ கட்டித் தீர்ப்பது இலேசு. மாதச் சந்தா எதையாவது அந்தக் காட்டோடு இணைத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

அப்புறம் ஒன்று, விமான ரிக்கெட்டோ விடுதியோ இரத்துச் செய்து காசு திரும்பி வரவேண்டியிருந்தால் அது வந்து சேரும் வரை காட்டை மூடாதீர்கள், வெட்டி எறியவும் வேண்டாம். திரும்பும் காசு எடுத்த காட்டுக்குத்தான் போகும். மூடிய காட்டுக்குப் போன காசை வங்கியில் தேடி எடுக்கலாம், ஆனால் ரசீது, இரத்துச் செய்த மின்னஞ்சல், காட்டின் கடைசி நாலு இலக்கம் எல்லாம் கொண்டுபோக வேண்டும். கொப்பி எடுக்க வந்தால் பக்கத்துக்குப் பத்து ரூபா.